இணைக் கடன்தாரர்

விவாகரத்து ஆன பிறகு ஏறக்குறைய நான்கு வருடம், என் முன்னாள் மனைவியின் பெயரை என் வீட்டுக் கடனிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தேன். எடுத்துவிடுவதாக நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். எடுக்கும் வழியும் எனக்குத் தெரியும். நான் ஆடிட்டர். தி. நகரில், தெற்கு உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் அலுவலகம். பிரிந்துபோகும் தம்பதிகளின் கணக்குவழக்கைப் பிரித்துக் கொடுப்பதும் என் தொழிலில் ஒரு பகுதி. அதனால் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாயில்லை. வேலை அதிகம், பேங்கில் இழுத்தடிக்கிறார்கள், கொரோனா என்று அவரிடம் நான் அடுக்கிய காரணங்கள் எல்லாம் பொய். அவர் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று விரும்பினேன், விட்டுவைத்தேன்.

மந்தைவெளியில் 2009-இல் வாங்கிய ஃபிளாட் அது. கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் உண்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருவர் கையெழுத்தும் உண்டு. கடனில் முதல் பெயர் என்னுடையது, அவர் இணைக் கடன்தாரர். இருபது வருடத் தவணை. மாதத் தவணை பிடிப்பதற்கென்றே இருவர் பெயரில் ஒரு கூட்டுக் கணக்கு.

2019-இல் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத மனு போட்டோம். இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு, மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. அதற்கு ஒரு நிபந்தனை, ஜீவனாம்சம் முதலான எல்லா நிலுவைகளையும் இருவரும் உண்மையாகவே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது. நாங்கள் அந்தத் தள்ளுபடியைக் கேட்டு வாங்கினோம். பணப் பாக்கி எதுவும் இல்லை, வீட்டுக் கடனை நான் முழுவதுமாக என் பெயருக்கு மாற்றி அவரை விடுவிப்பேன், அதன்பின் அவர் தன் பாகத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவார் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். அவர் பாகத்துக்கான தொகைக்கு டிராஃப்டும் கொடுத்துவிட்டேன். கடனை எந்தத் தேதிக்குள் மாற்றுவேன் என்று மட்டும் அதில் இல்லை. அந்தப் பத்தியின் வாசகத்தை வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். வக்கீல்கள் அதைக் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இது எவ்வளவு சுலபமாக நடக்கக்கூடியது என்று புரிய, சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் இன்றும் நடக்கிற கோவா போன்ற பகுதிகளைத் தவிர, இந்தியாவில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. பிரியும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பங்குபோடும் சட்டம் நம்மிடம் இல்லை. இனி ஒருவர்மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று மொத்தமாக முடித்துவைக்கும் உத்தரவும் நம் சட்டத்தில் தனியாக இல்லை. மாறாக, 25-ஆம் பிரிவின்படி தீர்ப்பு வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் ஜீவனாம்சம் கேட்டு வரலாம், மனைவியும் கேட்கலாம், கணவனும் கேட்கலாம். இங்கிலாந்தில் அப்படி மொத்தமாக முடித்துவைக்கும் உத்தரவு இருக்கிறது. அதை வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வாடிக்கையாளர்களிடம் வையட் – வின்ஸ் வழக்கைச் சொல்வேன். 1992-இல் விவாகரத்து ஆனபோது இருவரிடமும் காசு கிடையாது. பின்னாளில் கணவர் காற்றாலை மின்சாரக் கம்பெனி நடத்திப் பெரும் பணக்காரர் ஆனார். 2011-இல் முன்னாள் மனைவி பணம் கேட்டு நீதிமன்றம் போனார். 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் கேட்பதற்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "பேப்பர்ல முடிக்கலன்னா எதுவும் முடியல சார்" என்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புத்தி சொல்வேன். அதே மேஜையின் கீழ் டிராயரில் என் கடன் பத்திரங்கள் இருந்தன.

நீதிமன்றத் தீர்ப்பு பேங்கைக் கட்டுப்படுத்தாது. வழக்கில் பேங்க் ஒரு தரப்பே இல்லை. கடன் கொடுத்தபோது இருவரையும் நம்பிக் கொடுத்தார்கள், அவர்களைப் பொறுத்தவரை இருவருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. நாங்கள் கணவன் மனைவியாக இருக்கிறோமா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒருவரை விடுவிக்க வேண்டும் என்றால் மற்றவர் தனி வருமானத்தைக் காட்டிக் கடனைப் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது வேறு பேங்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். என் வருமானத்துக்கு அது சிரமமே இல்லை. தென் மாவட்டங்களில் சில சாதிகளிடம் ஒரு காலத்தில், பஞ்சாயத்தார் முன் துரும்பைக் கிள்ளிக் கொடுத்துவிட்டால் உறவு தீர்ந்தது என்று வழக்கம் இருந்தது. அந்தத் துரும்பைக் கிள்ளவேண்டிய கை என்னுடையது. கிள்ளாமல் வைத்திருந்தேன்.

ஏன் என்பதைச் சொல்வதுதான் கஷ்டம்.

கூட்டுக் கணக்கை மூடாமல் விட்டிருந்தேன். அதன் வரவுசெலவை அவரும் நெட் பேங்கிங்கில் பார்க்கலாம். பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, அதில் நான் அவருக்காக எழுத ஆரம்பித்தேன். அம்மா திதி, டாக்டர் ஃபீஸ், ஈசிஜி. அந்தச் செலவுகளை என் தனிக் கணக்கிலிருந்தே செய்திருக்கலாம். அவர் பார்ப்பார், பார்த்து ஒருநாள் 'உடம்புக்கு என்ன' என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவே இல்லை. பின்னால்தான் தெரிந்தது, தீர்ப்பு வந்த வாரத்திலேயே அவர் அந்தக் கணக்கைத் தன் போனிலிருந்து எடுத்துவிட்டாராம். யாரும் வாசிக்காத இடத்தில் வருடக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாமினி விஷயமும் இப்படித்தான். என் ஆயுள் காப்பீட்டில் நாமினியாக அவர் பெயரே இருந்தது. விவாகரத்து ஆனால் நாமினி தானாக மாறாது. இந்துவாக இருக்கும் ஒருவர் எழுதிய உயிலும் விவாகரத்தால் ரத்தாகாது. நாமே போய் மாற்ற வேண்டும். அதை மாற்றாமல் விட்டதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட பெயர் பெருந்தன்மை. நான் போன பிறகாவது அவருக்குப் பணம் போகட்டுமே என்று. உண்மையில் நான் அவருக்கு விட்டுப்போக இருந்தது ஒரு வழக்கு. 2015-இல் இன்சூரன்ஸ் சட்டத்தின் 39-ஆம் பிரிவைத் திருத்திய பிறகு, மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்கிறது சட்டம். முன்னாள் மனைவி அந்த வரிசையில் சேர்வாரா என்று என் அக்காவும் அவரும் கோர்ட்டு வாசலில் நின்றிருப்பார்கள். இதுவும் எனக்குத் தெரியும். மருத்துவக் காப்பீடு, லாக்கர், கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் இதே நிலைமை, அவற்றை விவரிக்கத் தேவையில்லை.

குழந்தை இருந்தால் பணத் தொடர்பு முழுதாக அறாது, அறவும் கூடாது. பெற்றவர்கள் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் குழந்தையின் உரிமையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. எங்களுக்குக் குழந்தை இல்லை. முழுசாகப் பிரிந்துகொள்ள எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை, என்னைத் தவிர.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரிசர்வ் பேங்க் தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது, ஆகஸ்ட் வரை அது நீண்டது. அவரைக் கேட்காமலே ஒத்திவைப்பை எடுத்துக்கொண்டேன். அவர் பெயரிலும் இருக்கும் கடன், அவர் தலையிலும் ஏறும் வட்டி. மறு வருடம் வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் வராமல் ஒரு மாதத் தவணை திரும்பியது. தவணை திரும்பினால் பேங்கிலிருந்து இருவருக்கும் எஸ்எம்எஸ் போகும். அன்று மாலை அவர் கூப்பிட்டார். "ஏதாவது பிரச்சினையா? பணம் வேணுமா?" என்று கேட்டார். வெகுநாள் கழித்து அவர் குரலைக் கேட்கிறேன். சமாளித்துக்கொள்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு இன்னும் சில தவணைகள் தேதி தவறின. அப்போது என்னிடம் பணம் இருந்தது. வேறு கணக்கில் இருந்தது, மாற்ற ஒரு நிமிடம் போதும். மாற்றவில்லை. தேதி தாண்டட்டும், எஸ்எம்எஸ் போகட்டும், அவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தவணை தவறினால் அது இணைக் கடன்தாரரின் சிபில் அறிக்கையிலும் ஏறும் என்று தெரிந்த ஒருவன், அவர் குரலைக் கேட்பதற்காக அவர் பெயரைக் கெடுத்தான்.

2022-இல் அவர் அடையாறு சாஸ்திரி நகரில் ஒரு பழைய ஃபிளாட்டைப் பார்த்து வைத்திருந்தார். அவர் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். மேற்கு மாம்பலத்தில் அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தை கோயிலுக்குப் போவது நின்று, கீழே இறங்குவதும் நின்றுவிட்டது என்று அக்கா மூலமாகக் கேள்விப்பட்டிருந்தேன். அடையாறு வீட்டில் லிஃப்ட் இருந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கடனுக்கு மனு போட்டார். பேங்கில் அவர் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே அவர் பெயரில் ஓடும் கடனின் தவணையைக் கழித்தார்கள். என் தவணை. பிறகு தாமதங்களைப் பார்த்தார்கள். மனு தள்ளுபடி ஆனது. வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை, அட்வான்ஸில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு வேறு ஆளுக்கு விற்றுவிட்டார்.

அவர் கூப்பிட்டார். நான் விரும்பிக் காத்திருந்த அதே அழைப்பு.

"லோன் கிடைக்கல. உங்க தவணை லேட்டானது என் பேர்ல காட்டுது."

"நான் நாளைக்கே பேங்க்ல பேசறேன்" என்றேன்.

"மூணு வருஷமா இதைத்தான் சொல்றீங்க. அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. ஒரு அலுவலகத்தில் புகார் கொடுப்பவர் போல் பேசிவிட்டு வைத்துவிட்டார். அதன்பிறகாவது நான் பேங்குக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இப்போது போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு பயம். அவர் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தபோதுதான் போனேன். நீதிமன்றத்தில் கொடுத்த உறுதிமொழியை மீறியதற்காக அவமதிப்பு மனு தாக்கல் செய்வோம் என்று அதில் இருந்தது. நான் தானாகத் திருந்தியவன் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வருடக்கணக்கில் நான் தள்ளிப்போட்ட வேலை சில வாரங்களில் முடிந்தது. வேறொரு பேங்க் என் ஒருவன் பெயரில் கடனை எடுத்துக்கொண்டது. 2023-இல் மயிலாப்பூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்தோம். குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. வெகுகாலம் அது 25,000 ரூபாயாக இருந்தது, அந்த வருடம் ஜூலையில் 40,000 ஆக்கினார்கள். கணவன் மனைவியாக இருந்தபோதே பேங்கின் சம்மதத்தோடு எழுதியிருந்தால் அந்தச் சலுகை கிடைத்திருக்கும். தீர்ப்புக்குப் பின் நாங்கள் குடும்பம் இல்லை. உச்சவரம்பு கிடையாது, சந்தை மதிப்பின்மேல் தீர்வை. அதைக் கட்டினேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. டோக்கன் கூப்பிட்டதும் அவர் வந்து விரல் ரேகை வைத்தார், போட்டோவுக்கு நிமிர்ந்தார், கையெழுத்துப் போட்டார். அதன்பின் கூட்டுக் கணக்கை மூடும் படிவத்தையும் நீட்டினேன். அதிலும் போட்டார். சிபில் அறிக்கையில் போன மூன்று வருடத்துத் தவணை வரலாறு தெரியும். கடனிலிருந்து விடுபட்ட பிறகும் என் தாமதங்கள் கொஞ்ச காலம் அவர் பெயருக்குக் கீழே நின்றிருக்கும். அதைத் துடைக்க எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த வருடம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த ஒரு தீர்ப்பு தொழில் வட்டாரத்தில் நிறையப் பேசப்பட்டது. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். சம்பாதித்தவர் கணவர் என்பதால் சொத்து முழுவதும் அவருடையது என்று சொல்ல முடியாது, வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தை வாங்கியதில் சேர்ந்திருக்கிறது என்று நீதிபதி சொன்னார். மனைவிக்குச் சமபங்கு. ஒரு வாடிக்கையாளருக்காக அதைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க, 2019-இல் நான் போட்ட எக்ஸெல் கணக்கு நினைவுக்கு வந்தது.

அவர் பாகத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டவன் நானே. இரண்டே பத்தி: நான் கட்டிய தவணை, அவர் கட்டிய தவணை. முதல் சில வருடங்கள் இருவரும் பாதிப் பாதி கட்டினோம். பிறகு நான்தான் சொன்னேன், தவணை முழுவதும் என் கணக்கிலிருந்தே போகட்டும் என்று. வட்டிக்கு வரிச் சலுகை உண்டு, என் வரி விகிதம் அதிகம், நான் கட்டினால் வீட்டுக்கு லாபம். சரி என்றார். அவர் சம்பளத்தில் மளிகை, மெயின்டெனன்ஸ், கரண்ட் பில் எல்லாம் ஓடின. என் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் அதற்கான பணம், ஆட்டோ, இரவில் கூட இருக்க வந்த பெண்ணின் சம்பளம், எல்லாம் அவர்தான் கொடுத்தார். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். பிரியும் நேரத்தில் நான் கட்டியதெல்லாம் முதலீடு என்ற பத்தியில் ஏறியது. அவர் கொடுத்ததெல்லாம் செலவு, ஆகவே கணக்கிலேயே இல்லை. அச்செடுத்துக் கொடுத்தேன். ஆடிட்டர் போட்ட கணக்கு என்று நம்பி அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். இருவரும் சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஜீவனாம்ச வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் வகுத்தது அடுத்த வருடம். எங்கள் வழக்கில் இருந்தது என் எக்ஸெல் மட்டும்.

கடனில் அவர் பெயரை வைத்திருந்தது அவரைப் பிடித்துவைக்க என்றால், இந்தக் கணக்கு அவரை ஏமாற்றியது. இன்று யாரும் இந்தக் கணக்கை என்னிடம் கேட்கப்போவதில்லை, ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். ஆனாலும் உட்கார்ந்து புதுக் கணக்குப் போட்டேன். வீட்டின் மதிப்பில் பாதியை எடுத்து, ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்து, நடுவில் ஓடிய வருடங்களுக்கு வட்டி சேர்த்து, அட்வான்ஸில் அவர் இழந்ததையும் கூட்டினேன். வந்த தொகை பெரியது. போன் செய்து, இப்படி ஒரு கணக்கு இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அனுப்பாதீங்க" என்றார். "அனுப்பினா நான் பார்க்கணும், பார்த்தா பதில் சொல்லணும். தவணையா தரேன்னு சொல்லுவீங்க, மாசா மாசம் உங்க பேர் என் கணக்குல வரும். எனக்கு அது வேண்டாம். தரணும்னு இருந்தா வக்கீல்கிட்ட ஒரே தடவையா கொடுத்துடுங்க. என்கிட்ட பேசவேண்டாம்."

அவர் சொன்னபடியே, தவணையாகத் தரத்தான் நான் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு அட்டவணைகூடப் போட்டு வைத்திருந்தேன், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி என்று.

அட்டவணையை அழித்தேன். மியூச்சுவல் ஃபண்டை விற்று, ஃபிக்ஸட் டெபாசிட்டை முறித்து, மீதிக்கு அக்காவிடம் கடன் வாங்கி, அவர் வக்கீலிடம் ஒரே டிராஃப்டாகக் கொடுத்தேன். ரசீதில் வக்கீல் கையெழுத்து இருந்தது. பிறகு நாமினிப் படிவத்தை எடுத்து அக்கா பெயரை நிரப்பி, சாட்சிக்கு அலுவலகப் பையனிடம் கையெழுத்து வாங்கி, அன்று மதியமே இன்சூரன்ஸ் கிளையில் கொடுத்துவிட்டு வந்தேன்.